சார்ஜ் போதும்னு யார் சொல்றது?

ராத்திரி படுக்கும்போது செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா கூடாதா என்ற விவாதம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்க வீட்டிலும் உண்டு. "வெடிச்சிடும்டா, புடுங்கிட்டுப் படு" என்பது அம்மா கட்சி. "நிறைஞ்சதும் அதுவே நிறுத்திக்கும்மா" என்பது என் கட்சி. ஒருநாள் அம்மா திருப்பிக் கேட்டாங்க: "அதுவேன்னா எது?"

நல்ல கேள்விதான். சார்ஜரா, போனா, பேட்டரியா, உள்ளே ஓடுகிற மென்பொருளா? எனக்கும் அப்போது தெளிவாகத் தெரியாது. தேடிப் படித்துக்கொண்டே போனதில் கடைசியில் வந்து நின்ற இடம் நம்ம வடசென்னை. சிரிக்காதீங்க. சார்ஜ் எப்போ போதும், யார் அதைச் சொல்வது என்பதுதான் பேட்டரியின் வரலாறே. அந்த வரலாற்றின் பாதிக்கு மேல் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, டி.எச். ரோட்டில், ஒரு பேட்டரி கடை இருந்தது. வாசலில் பாதி அரித்துப்போன ஒரு மரப்பலகை. அதன் மேல் வரிசையாக லாரி பேட்டரி, பைக் பேட்டரி, காசிமேட்டிலிருந்து வந்த போட் பேட்டரி. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வயரால் கோத்து, ஒரு பெரிய தகரப் பெட்டியில் மாட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், கரண்ட்டைத் தள்ளுவது. நிறுத்தத் தெரியாது. நிறுத்துவது கடைக்காரர் வேலை.

அவர் கையில் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்கும். ரப்பர் குமிழ், கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை. மூடியைத் திறந்து ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். பேட்டரி காலியாக இருந்தால் ஆசிட் நீர்த்துப்போய் மிதவை ஆழமாக இறங்கும். சார்ஜ் ஏற ஏற ஆசிட் அடர்த்தியாகி மிதவை மேலே வரும். 1.250-க்கு மேல் போய், மணிக்கு ஒரு தரமாக மூன்று தரம் பார்த்தும் அதே இடத்தில் நின்றால் "ஆயிடுச்சு" என்று கழற்றுவார். மீட்டர் பார்க்காமலே, செல்லுக்குள் குமிழி கொதிக்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற அளவுக்குப் பழக்கம்.

அந்தக் குமிழிதான் ஆபத்து. ஈய-ஆசிட் பேட்டரியில் ஒரு செல் 2.4 வோல்ட் பக்கம் போனதும், உள்ளே தள்ளுகிற கரண்ட்டெல்லாம் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பித்துவிடும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வரும். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு நாலு பங்கு கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். "பீடி கீடி பத்தவெச்சிக்கினு உள்ள வராத நைனா" என்று அவர் சொல்வது இதனால்தான்.

ஒருநாள் காலையில் அந்த வழியாகப் போனால், ஒரு பேட்டரிக்கு மேல்மூடியே இல்லை. ராத்திரி காவலுக்கு இருந்த பையன் அசந்து தூங்கிவிட்டான். விடிகாலையில் எழுந்தவன் பதறிப்போய், பெட்டியை ஆஃப் பண்ணாமலே கிளிப்பைப் பிடுங்கியிருக்கிறான். பொறி, அப்புறம் டமால். பக்கத்தில் குடத்துத் தண்ணீர் இருந்ததால் பையன் கண் தப்பியது. சட்டை முழுக்கப் பொத்தல். பெட்டி பாட்டுக்குக் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, பார்க்கிறவன் தூங்கியது அதற்குத் தெரியாது. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. இதே வரி செல்போனுக்குள் திரும்ப வரும்.

சரி, ஆள் தூங்கினாலும் தானாக நிற்கிற ஏற்பாட்டை எப்போது யோசித்தார்கள்? அதற்கு ரயிலுக்குப் போகணும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம்ம ராயபுரத்திலிருந்துதான் 1856-ல் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. பெட்டிகளில் மின்விளக்கு எல்லாம் கிடையாது, ரொம்ப காலத்துக்கு எண்ணெய் விளக்குதான். மின்விளக்கு வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. பெட்டிக்கு அடியில், சக்கரத்தின் அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஒரு டைனமோவைச் சுற்றலாம். ஓடும்போது அது விளக்கையும் எரிக்கும், பேட்டரியையும் நிரப்பும். நின்றால் பேட்டரி விளக்கைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரயில் ஒரே வேகத்தில் ஓடாதே? பேசின் பிரிட்ஜைத் தாண்டும்போது ஊர்ந்து, கும்மிடிப்பூண்டி பக்கம் பறந்து, மறுபடி நிற்கும். வேகம் கூடினால் டைனமோ கொட்டுகிற கரண்ட்டும் கூடும். பல்பும் போகும், பேட்டரியும் கொதிக்கும்.

லண்டனில் ஜே. ஸ்டோன் கம்பெனிக்காரர்கள் 1890-களில் இதற்குக் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது எனக்கு ஒரு கைதட்டல் வந்தது. டைனமோவை இறுக்கிப் பொருத்தாமல், ஊஞ்சல் மாதிரி ஒரு கையிலிருந்து தொங்கவிட்டார்கள். அதன் எடைதான் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. ஓர் அளவுக்கு மேல் வேகம் போய் டைனமோ அதிகமாக உழைக்க ஆரம்பித்தால், பெல்ட் அதைச் சக்கரத்துப் பக்கம் இழுக்கும். இழுத்தால் பெல்ட் தளரும். தளர்ந்தால் வழுக்கும். ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் டைனமோ அதற்கு மேல் சுற்றாது! மின்சாரம் இல்லை, மூளை இல்லை, ஒரு பெல்ட் வழுக்குகிறது, அவ்வளவுதான். இது கெட்டுப்போனால்? பெல்ட் அறுந்துவிடும், சார்ஜ் நின்றுவிடும். விளக்கு மங்கும், ஆனால் எதுவும் எரியாது. கெடும்போதும் நல்லபடியாகக் கெடுகிற பொருளை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கணும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பெட்டிக்கடியிலான ஏற்பாடு இந்திய ரயில்களில் பல தலைமுறை ஓடியது. பின்னால் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, வழுக்கும் பெல்ட்டுக்குப் பதில் ஆர்.ஆர்.யு. என்று எலக்ட்ரானிக் பெட்டி வந்தது. சாதாரணப் பெட்டிகளில் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர், 110 வோல்ட், ஈய செல்கள். பழைய நீல நிறப் பெட்டிகளுக்கு அடியில் பார்த்திருப்பீர்கள், பேட்டரிப் பெட்டியும் பெல்ட்டும். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் நிற்கும்போது ஊழியர்கள் குனிந்து பெல்ட்டைத் தட்டிப் பார்ப்பது இதற்குத்தான்.

நிற்க. ரயிலை விட்டு ரோட்டுக்கு வருவோம்.

எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் வந்தது. முதலில் ஆஸ்டின் கார், பின்னால் 1955-லிருந்து அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரி, பஸ். அதே 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா. ராணுவத்துக்கு 800 புல்லட் வேண்டும் என்று வந்த ஆர்டரில் தொடங்கிய கதை அது. இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடியபோதும் நம்மூரில் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பெருமையெல்லாம் பல பேர் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற அந்தக் குட்டி மீட்டரைப் பற்றி.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஸ்பீடோமீட்டருக்குக் கீழே, ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் ஆம்மீட்டர். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல். வண்டி ஓடும்போது முள் கூட்டல் பக்கம் சாய்ந்தால் பேட்டரி நிரம்புகிறது. சிக்னலில் நின்று ஹெட்லைட் போட்டால் கழித்தல் பக்கம் போகும். இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் சேர்ந்து துடிக்கும். புது ஆட்களுக்கு அது அலங்காரம். பழைய ஆட்களுக்கு அதுதான் நாடி. முள் நாள் பூராவும் கூட்டல் பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால், "ரெகுலேட்டர் போச்சு, ஆசிட் கொதிக்கும், பார்த்துக்கோ" என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். அதாவது பேட்டரி கடைக்காரரின் வேலையில் பாதி, ஓட்டுகிறவர் கண்ணுக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதி? புல்லட் பிறந்த காலத்து பிரிட்டிஷ் பைக்குகளில் வந்த லூகாஸ் ஆல்டர்னேட்டரில் இன்னும் வேடிக்கையான முறை ஒன்று உண்டு. அதில் ஆறு சுருள்கள். ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டால் ஆறும் வேலை செய்யும், அணைத்தால் ஒரு பகுதி மட்டும். லைட் போடாமல் பகலில் நீண்ட தூரம் போனால் சார்ஜ் கூடிவிடும், ராத்திரியில் ஊருக்குள்ளேயே சுற்றினால் குறைந்துவிடும். பேட்டரியைக் கேட்டு முடிவெடுக்கவில்லை, லைட் ஸ்விட்சைப் பார்த்து குத்துமதிப்பாகத்தான் முடிவு. பிற்பாடு, 12 வோல்ட் வண்டிகளில், ஜீனர் டயோடு வந்து அதிகப்படியைச் சூடாக்கிக் கழித்தது. அதற்கும் பின்னால் நாம் ஆர்.ஆர். யூனிட் என்று சொல்கிற கறுப்பு அலுமினியப் பெட்டி.

இத்தனை குத்துமதிப்பு எப்படிச் செல்லுபடியானது? ஈயம் மன்னிக்கும். அதுதான் விஷயம். கொஞ்சம் அதிகமாக ஏற்றினால் தண்ணீரைக் குமிழியாக விட்டுவிட்டு, "டிஸ்டில்ட் வாட்டர் ஊத்து" என்று கேட்கும். அதிகப்படி கரண்ட்டுக்கு வெளியே போக ஒரு வழி இருக்கிறது. காற்றோட்டம் இருந்து, பொறி இல்லாமல் இருந்தால் பெரிய வம்பில்லை.

லித்தியத்துக்கு அந்த வழி கிடையாது.

சோனி 1991-ல் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. (இதன் மூலவர்கள் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல்தான் நோபல் கிடைத்தது. குட்எனஃபுக்கு அப்போது வயது 97!) செல்லை மூடி சீல் வைத்திருப்பார்கள், தண்ணீர் ஊற்ற மூடி கிடையாது, உள்ளே இருப்பது எரியக்கூடிய திரவம். வழக்கமான செல்லுக்கு உச்சவரம்பு 4.2 வோல்ட். அதுவும் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருக்கணும். தாண்டினால் ஒரு பக்கத் தகட்டில் லித்தியம் உலோகமாகப் படியும், இன்னொரு பக்கத் தகடு நிலைகுலைந்து சூடாகும், ஆக்ஸிஜன் விடும். எரிபொருளும் ஆக்ஸிஜனும் ஒரே சின்ன டப்பாவுக்குள். உறைகுளிரில் சார்ஜ் போட்டாலும் தப்பு, 45 டிகிரிக்கு மேலே போட்டாலும் தப்பு. ரொம்பக் காலியான செல்லுக்கு எடுத்தவுடன் முழுக் கரண்ட் தரக்கூடாது, பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி முதலில் கொஞ்சம் கொஞ்சமாக. நிறைந்தபின் ஈயத்துக்குக் கொடுப்பது மாதிரி சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டும் இருக்கக்கூடாது, அடியோடு நிறுத்தணும்.

இத்தனை "கூடாது" இருந்தால் லைட் ஸ்விட்சும் வழுக்கும் பெல்ட்டும் போதுமா? கணக்குப் போடத் தெரிந்த ஒருத்தர் உள்ளே உட்கார்ந்தாகணும்.

நம்மூர் ஆட்களுக்கு இது முதன்முதலில் உறைத்தது 2007 ஆகஸ்டில். நோக்கியா 1100, 1600, 6600 என்று எல்லார் பையிலும் இருந்த போன்களின் பேட்டரி பி.எல்.-5சி. 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே மட்சுஷிட்டா கம்பெனி செய்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளில், சார்ஜ் போடும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறும் வாய்ப்பு இருக்கிறது, மாற்றித் தருகிறோம் என்று நோக்கியா அறிவித்தது. உலகம் முழுக்க அதுவரை வந்த புகார் 100 சுமார்தான். ஆனால் நம்ம டி.வி. சேனல்களைப் பார்த்தவர்களுக்கு பாக்கெட்டில் நாட்டுவெடி வைத்திருக்கிற நினைப்பு. பேட்டரியைக் கழற்றி, பின்னால் இருக்கிற 26 எழுத்து எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டு ஊரே நின்றது. அந்தக் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை 2006-லிருந்து ஸ்ரீபெரும்புதூரில்தான் ஓடிக்கொண்டிருந்தது (2014 நவம்பரில் மூடிவிட்டார்கள்), அதனால் இங்கே பேச்சு இன்னும் கூடுதல்.

அந்த பி.எல்.-5சி-யைப் புரட்டிப் பார்த்திருந்தால் பளபளவென்று மூன்று தகடுகள் தெரிந்திருக்கும். கூட்டல், கழித்தல் சரி, நடுவில் இருப்பது எதற்கு? அது பேட்டரியின் அடையாளச் சீட்டு. உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர். அதன் அளவைப் படித்துத்தான் போன் "ஓ, இவர் இன்னார்" என்று தெரிந்துகொண்டு சார்ஜ் பண்ணும். இதோடு, பேட்டரிக்குள்ளேயே நகம் அளவு ஒரு சர்க்யூட்டும் உண்டு. மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் கோட்டை விட்டு வோல்ட் எல்லை மீறினால், அது கடைசியாகக் கதவைச் சாத்தும். டூப்ளிகேட் பேட்டரி செய்கிறவன் அடையாள ரெசிஸ்டரை மறக்கவே மாட்டான், அது இல்லாவிட்டால் போன் ஏற்றுக்கொள்ளாதே. காசு மிச்சம் பிடிக்க அவன் விட்டுவிடக்கூடியது அந்தக் கடைசிக் கதவை. சீட்டு இருக்கும், ஆள் போலி.

இப்போ அம்மா கேட்ட "அது" யார் என்பதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். போனுக்குள் சார்ஜர் சிப் என்று தனியாக ஒன்று இருக்கும். அதை ஆட்டுவிக்கிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர் (துறைமுகத்து கன்டெய்னர் லாரி டிரைவர் இல்லீங்க). சிப் கை, டிரைவர் கண்ணும் கணக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் கெர்னலில் பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு 2007-ல் வந்தது. இன்றைக்கு ஆண்ட்ராய்டு போன் மேல் மூலையில் காட்டுகிற சதவீதம் அந்த வழியாகத்தான் வருகிறது. ஆனால் எனக்குப் பிடித்த கதை 2009 கடைசியில் வந்த நோக்கியா என்900 உடையது. லினக்ஸ் ஓடிய போன். உள்ளே இருந்த எல்லாவற்றையும் பிரித்து மேயலாம் என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு ஒரு இடத்தில் மட்டும் பூட்டு. பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் பி.எம்.இ. என்ற நிரலின் மூலத்தை நோக்கியா வெளியிடவில்லை. வேறு சிஸ்டம் போடணும் என்றால் சார்ஜ் பண்ணுவதற்கு நீங்களேதான் எழுதிக்கொள்ளணும். பாலி ரோஹார் என்பவர் 2011 வாக்கில் அதைச் செய்தார், பின்னால் அது கெர்னலிலேயே சேர்ந்தது.

எழுதுவதில் என்ன பயம்? அந்தப் போனில் இருந்த சிப் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.க்யூ.24150 வகை. எத்தனை வோல்ட் வரை ஏற்றணும் என்பதை ஓர் எண்ணாக அதற்குச் சொல்லணும். 3.50 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் 0.02 வோல்ட் கூடும். 4.20 வேண்டுமா, 35 என்று எழுதணும். கை தவறி 47 என்று எழுதினால்? 4.44 வோல்ட். சிப் ஏன் எதற்கு என்று கேட்காது, அதன் வரம்பு அதுவரை இருக்கிறது. சாதாரண நிரலில் எண்ணைத் தப்பாகப் போட்டால் திரையில் எழுத்து கோணலாக வரும். இங்கே தப்பாகப் போட்டால் தலையணைக்கடியில் சூடு. பேட்டரிக்குள் கடைசிக் கதவு இருந்தால் தப்பித்தோம். டூப்ளிகேட் என்றால் அதுவும் இல்லை.

சரி, எண் சரியாகவே எழுதியாச்சு. போன் நடுவில் உறைந்து நின்றுவிட்டால்? எல்லா போனும் எப்பவாவது ஹேங் ஆகும். டிரைவர் நின்றுவிட்டது, சிப் பாட்டுக்கு கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டி.எச். ரோட்டுப் பையன் தூங்கிய அதே ராத்திரி!

இதற்குத்தான் அந்தச் சிப்புக்குள் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். 32 விநாடி. அதற்குள் டிரைவர் வந்து "நான் முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்று ஒரு தட்டு தட்டணும். ராத்திரி கூர்க்கா விசில் மாதிரி. விசில் கேட்கவில்லையா, சிப் அதுவரை டிரைவர் சொன்ன எதையும் நம்பாது. எல்லா எண்களையும் அழித்துவிட்டு, பிறவியிலேயே வந்த பத்திரமான அளவுக்குத் திரும்பிவிடும். இந்தச் சிப்பில் அந்த அளவு 3.54 வோல்ட். பேட்டரி பாதிகூட நிறையாது, ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை. ரோஹார் எழுதிய டிரைவர் பத்து விநாடிக்கு ஒருமுறை போய்த் தட்டுகிறது. தட்டும்போதே "என்ன நிலவரம்?" என்றும் விசாரிக்கும். சார்ஜரிலிருந்து வரும் வோல்ட் அதிகம், பேட்டரி வோல்ட் அதிகம், சூடு தாங்கவில்லை, பேட்டரியே காணோம் என்று சிப் வெவ்வேறு எண்ணில் பதில் சொல்லும். பேட்டரியே கெட்டுப்போகிற மாதிரி பதில் வந்தால் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காமல் சார்ஜை நிறுத்திவிடுவதுதான் டிரைவரின் வேலை.

ரயில்வே ஆட்களுக்கு இது புதுசில்லை. எஞ்சினில் வி.சி.டி. என்று ஒன்று உண்டு. லோகோ பைலட் ஒரு நிமிஷத்துக்கு எந்த நெம்புகோலையும் தொடவில்லை என்றால் விளக்கு எரியும், பஸ்ஸர் அடிக்கும், அதற்கும் அசையவில்லை என்றால் தானாக பிரேக் பிடித்துவிடும். அதே யோசனை, கொஞ்சம் சின்ன வண்டி.

இந்தச் சிப் குடும்பத்தின் சில மாடல்களில் இன்னொரு பூட்டும் உண்டு. அதிகபட்ச வோல்ட், அதிகபட்ச கரண்ட் இரண்டையும் மின்சாரம் வந்தவுடன் முதல் வேலையாக எழுதிவிடணும். வேறு எந்த இடத்தில் எழுதினாலும் அது பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் 47 இல்லை, யார் என்ன எழுதினாலும் அந்த எல்லையைத் தாண்டாது. தன்னையே நம்பாத மென்பொருள். எழுதியவனைக் கோவில் கட்டிக் கும்பிடலாம்.

ஒரு கோழி-முட்டைச் சிக்கலும் உண்டு. சார்ஜ் பண்ண மென்பொருள் ஓடணும், மென்பொருள் ஓட சார்ஜ் வேணும். அடியோடு காலியான போன் என்ன செய்யும்? யு.எஸ்.பி. விதிப்படி, கம்ப்யூட்டரிடம் பேசி அனுமதி வாங்கும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது, வாங்கினால் 500. பேசுவதற்கே உயிர் இல்லாதவன் எப்படி அனுமதி கேட்பான்? அதனால்தான் அந்தப் பிறவி அளவு. சிப் தானே, யாரையும் கேட்காமல், மெதுவாகக் கஞ்சி ஊற்றி எழுப்பும். எழுந்தபின் டிரைவர் பொறுப்பெடுத்துக்கொள்ளும். செத்துக் கிடந்த போனைச் சார்ஜில் போட்டதும் ஐந்து பத்து நிமிஷம் ஒன்றுமே காட்டாமல் இருப்பது இதனால்தான். சர்வீஸ் கடைக்கு ஓடாதீங்க.

மென்பொருள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுமா என்றால், இல்லை. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது காரணம் பேட்டரியின் உள்கட்டமைப்பு என்று 2017 ஜனவரியில் அவர்களே சொன்னார்கள். ஒரு பேட்டரியில் மூலையில் தகடு மடங்கியது, இன்னொன்றில் வெல்டிங்கின் பிசிறு. இதை எந்த டிரைவராலும் பார்க்க முடியாது. ஆனால் வேறு ஒன்று நடந்தது. போனைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சில நாடுகளில் 60 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி அப்டேட் அனுப்பினார்கள். அமெரிக்காவில் டிசம்பரில் சார்ஜே ஏறாதபடி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் ஆயிரக்கணக்கான மைல் தாண்டிக் கையை நீட்டி கிளிப்பைக் கழற்றிய மாதிரி. பத்திரம்தான். என் காசில் வாங்கிய பொருளை எவனோ அணைக்கலாம் என்பது கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது. அதே 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில் மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை. உள்ளே ஒரு பழைய நோட் 2. பணிப்பெண்கள் தீயணைப்பானை அடித்து, கழிவறையில் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு, பத்திரமாக மீனம்பாக்கத்தில் இறங்கினார்கள்.

இத்தனையும் கையளவு பேட்டரி. இப்போது வீட்டுக்குள் வருவது அதைப்போல நூறு மடங்கு.

2022 மார்ச் கடைசி வாரம் நினைவிருக்கும். வேலூரில் வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த புது மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த சில நாளிலேயே நம்ம மணலி பக்கம், மாத்தூர் சுங்கச்சாவடி அருகே ஒரு ஸ்கூட்டர் நடுரோட்டில் எரிந்தது. அந்த வீடியோ எல்லார் போனுக்கும் வந்தது. அதற்குப் பின்தான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ்.-156 விதியைத் திருத்தியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதில் இருப்பதைப் படித்தால் எல்லாமே நம்ம பழைய நண்பர்கள். எல்லை வந்ததும் சார்ஜர் தானே நிற்கணும், ரொம்பக் காலியான பேட்டரியைக் கண்டுபிடித்து முதலில் மெதுவாக ஏற்றணும், பேட்டரிக்குள் குறைந்தது நாலு இடத்தில் சூட்டைப் பார்க்கணும், சூடேறினால் சத்தமும் வெளிச்சமும் காட்டி எச்சரிக்கணும், உள்ளே வாயு சேர்ந்தால் வெளியேற வழி வேண்டும். ஈயத்துக்கு இயல்பாக இருந்த வழியை, லித்தியத்துக்குச் சட்டம் போட்டுத் திறக்க வேண்டியிருக்கிறது.

எங்க தெரு வீடுகள் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு கதவு, உள்ளே வரிசையாக ரெண்டு அறை, பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். பக்கத்து வீட்டுத் தம்பி டெலிவரி வேலைக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். திருட்டு பயத்துக்கு ராத்திரி அதை உள்ளே ஏற்றி, கதவை ஒட்டி நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போடுகிறான். வண்டிக்கு அந்தப் பக்கம் தெரு, இந்தப் பக்கம் பாய் விரித்து நாலு பேர்.

இதையெல்லாம் ஒருநாள் சாயங்காலம் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொன்னேன். பேட்டரி கடை, பெல்ட், புல்லட் முள், 32 விநாடி எல்லாம். பாதியில் எழுந்து போவாங்க என்று நினைத்தேன், போகலை.

"அப்ப அந்தப் பத்து செகண்டுக்கு ஒருக்கா விசில் அடிக்கிறவன் தூங்கிட்டா, இவன் கையை எடுத்துக்குவான்?"

"ஆமாம்மா."

"சரி, போனை நீ சார்ஜ்லயே போட்டுட்டுப் படு. மொதல்ல போய் பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட அந்த வண்டியக் கதவாண்ட போடாதன்னு சொல்லிட்டு வா."